கிரேட்டிங்கின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

இயற்பியல் மேல் இருந்த ஆசையால் அதைப் படித்தேன் என்று நான் யாரிடமாவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் பி.காம். கேட்டேன், இடம் முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டேன், அதுவும் முடிந்துவிட்டது. அட்மிஷன் கவுண்டரில் இருந்தவர் என் மார்க் ஷீட்டையும் என் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிசிக்ஸ் இருக்கிறது, அது எப்போதும் இருக்கும் என்றார். அப்பா உடனே சரி என்றுவிட்டார். அவர் காந்தி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வெறும் வண்டியாகத் திரும்புவதைவிடக் கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு வருவது மேல் என்பது அவருடைய தொழில் தர்மம்.

சொந்தக்காரர்கள் இதைத் துக்கச் செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியாததால், பி.எட். போட்டு டீச்சராகலாம் என்று பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டு மிக்ஸி நின்றாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிசிக்ஸ் படிக்கிற பெண்ணுக்கு ஃபேன் ரெகுலேட்டர் மாட்டத் தெரியாதா என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார். சிலபஸில் ரெகுலேட்டர் இல்லை என்றேன். அப்புறம் என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டது இன்றுவரை நியாயமான கேள்வியாகத்தான் இருக்கிறது.

கல்லூரி ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடக் கரைப் பக்கம் இருந்தது. புதூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு பஸ், அங்கிருந்து காவிரியைத் தாண்ட இன்னொரு பஸ். பாலத்தின் மேல் பஸ் நிற்கிற நேரத்தில் ஒரு பாடத்தையே படித்து முடித்துவிடலாம். நான் படித்ததில் பெரும்பகுதி பாலத்தின் மேல் படித்ததுதான். கல்லூரியின் பெயர்ப்பலகை பெரியது, கட்டிடம் சிறியது. அதைக் கட்டியவர் இரும்புக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். பெருமாள் கொடுத்ததைப் பெருமாள் ஊரிலேயே போட வேண்டும் என்று சித்திரை வீதியில் வீடும் கொள்ளிடக் கரையில் கல்லூரியும் கட்டிக்கொண்டார். எல்லோரும் அவரைச் செக்ரட்டரி என்போம். நெற்றியில் நாமம், சட்டைப்பையில் துளசி, கையில் இரண்டு செல்போன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆணியை எடை போட்டு விற்றுப் பழகியவர், ஆசிரியர்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்.

பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் என்பது மாடியில் ஒரு வகுப்பறை, அதை ஒட்டி ஒரு லேப், இரண்டு ஆசிரியர்கள். எச்.ஓ.டி. சார் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். அவருடைய நோட்ஸ் அதற்கும் முன்பிருந்து இருப்பது. அவர் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். இடையில் ஒருவருக்கும் எதுவும் புரியாமல் பாடம் அவருடைய தாளிலிருந்து எங்கள் தாளுக்குப் பத்திரமாக இடம் மாறும். செக்ரட்டரிக்கு அவர் மேல் தனிப் பிரியம். மார்கழியில் விடியற்காலையில் இருவரும் சேர்ந்தே கோயிலுக்குப் போவார்கள்.

இன்னொருவர் மேடம். மெல்லிய படலங்களில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கலாம். முக்கொம்புப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். வெயிலோ மழையோ, தோளில் ஒரு பெரிய கறுப்புக் குடை தொங்கும். பட்டம் இல்லாத எச்.ஓ.டி. சாருக்கு நிரந்தர வேலை. பட்டம் இருக்கிற மேடத்துக்கு வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. இந்த ஏற்பாட்டை விளக்குகிற விதி எதுவும் எங்கள் புத்தகத்தில் இல்லை.

மேடம் இனிமையானவர் இல்லை. தெரியாத கேள்விக்கு எதையாவது உளறினால், "உக்காரு, நாளைக்கு இதவிட நல்ல பொய்யா யோசிச்சுட்டு வா" என்பார். ஆனால் அவர் வகுப்பில்தான் எனக்கு முதன்முதலாக ஒரு விஷயம் புரிந்தது. புரிந்தபோது வயிற்றில் பசி எடுப்பதைப் போல ஏதோ ஒன்று நடந்தது. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் மூன்றாம் வருடத்துக்கு வந்தபோது செக்ரட்டரி எங்கள் வகுப்புக்கே வந்தார். எங்கள் வகுப்பு மொத்தமும் ஒரே ஷேர் ஆட்டோவில் அடங்கும். ஜூனியர்களைச் சேர்த்தால் இரண்டு ஆட்டோ வேண்டும், அவ்வளவுதான். அவர் எங்களை எண்ணவில்லை, ஒரு பார்வை பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. லேப் இருக்கிற இடத்தில் ஏ.சி. போட்டுக் கம்ப்யூட்டர் வைத்தால் எத்தனை பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று பொதுவாகச் சொன்னார். பிறகு, மார்ச்சில் பிராக்டிகல் பரீட்சைக்கு வெளிக் கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவாரே, அவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று பார்த்துவிட்டு டிபார்ட்மென்ட் இருக்கட்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்றார். மூடினால் எச்.ஓ.டி. சாரை ஆபீஸ் நிர்வாகத்துக்கு மாற்றிக்கொள்வார்களாம். மேடத்தை எங்கே மாற்றுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மேடம் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அழித்த இடத்தையே திரும்பத் திரும்ப அழித்தார்.

அன்றிலிருந்து எங்கள் லேப் பரீட்சைக் கூடமாகவே மாறிவிட்டது. அங்கே இருந்த கருவிகளில் மேடத்துக்கு உயிரானது ஸ்பெக்ட்ரோமீட்டர். வட்டமான பித்தளை மேடை, இருபுறமும் குழாய், அதில் ஒன்று டெலஸ்கோப். எந்தச் சோதனை செய்வதற்கு முன்னாலும் அந்த டெலஸ்கோப்பைத் தூரத்தில் உள்ள ஒரு பொருளுக்குத் திருப்பிக் குவியம் சரிசெய்ய வேண்டும். மற்ற ஊர்களில் மரத்தையோ மின்கம்பத்தையோ பார்ப்பார்களாம். எங்கள் ஜன்னலிலிருந்து ராஜகோபுரம் தெரியும். எங்களைவிடக் கொடுத்துவைத்த மாணவர்கள் யார் இருக்க முடியும். ஒருநாள் செக்ரட்டரி வந்து குனிந்து பார்த்தார். அந்த டெலஸ்கோப்பில் எதுவும் தலைகீழாகத்தான் தெரியும், கோபுரமும் தலைகீழாகத்தான் தெரிந்தது. அவர் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. அபசாரம் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து நாங்கள் பக்கத்துத் தெருவின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் குவியம் சரிசெய்தோம். தண்ணீர்த் தொட்டி தலைகீழாக நிற்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

இப்போது கிரேட்டிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நெருக்கத்தில் கோடு கோடாகக் கீறியிருக்கும். ஸ்பெக்ட்ரோமீட்டர் மேடையில் அதை நிறுத்தி விளக்கின் வெளிச்சத்தை அனுப்பினால், வெளிச்சம் நிறம் நிறமாகப் பிரிந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் போகும். அந்தக் கோணத்தை அளப்பதுதான் சோதனை. கிரேட்டிங்கை ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். நடுவில் விரல் பட்டால் போச்சு. துடைக்கவே கூடாது. எங்கள் டிபார்ட்மென்டில் இருந்தது ஒன்றே ஒன்று. மேடம் அதைப் பஞ்சு வைத்த டப்பாவில் வைத்து, டப்பாவைப் பீரோவில் வைத்து, பீரோச் சாவியைத் தன் கைப்பையில் வைத்திருந்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வேலைநாளில் கல்லூரியில் எல்லா டிபார்ட்மென்டிலும் பூஜை நடக்கும். பஸ் டயருக்கு எலுமிச்சம்பழம், கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் பொட்டு, நூலகத்தில் பொரி கடலை. ஆனால் செக்ரட்டரிக்குப் பிடித்தது எங்கள் லேப்தான். இரும்பு வியாபாரிக்குப் பித்தளையைப் பார்த்தால் மனசு குளிர்ந்துவிடும். ஆயுதம் என்றால் இதுவல்லவா ஆயுதம் என்பார். டிபார்ட்மென்டை மூடுவது வேறு, அதற்குப் பூஜை போடுவது வேறு. இரண்டையும் அவர் குழப்பிக்கொண்டதே இல்லை.

அந்த வருடம் எல்லாக் கருவிகளும் முழுசாக மேசை மேல் இருக்க வேண்டும் என்று எச்.ஓ.டி. சார் சொல்லிவிட்டார். முழுசு என்றால் கிரேட்டிங்கோடு. மேடம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அதைத் தாங்கியில் பொருத்தி மேடையில் நிறுத்தினார். செக்ரட்டரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். நான் குங்குமத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஊசலின் குண்டுக்கு ஒரு பொட்டு. கால்வனோமீட்டருக்கு ஒரு பொட்டு. ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு வந்தவர் கொஞ்சம் நின்றார். அவ்வளவு பித்தளைக்கு நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி, கர்ப்பக்கிருகத்தில் விக்கிரகம் நிற்பதைப் போல நின்றுகொண்டிருந்தது. பக்தி உள்ளவர் வேறெங்கே பொட்டு வைப்பார். மோதிர விரலில் தாராளமாகச் சந்தனத்தை எடுத்தார்.

மேடம் "சார்" என்று ஒரு அடி முன்னால் வந்தார். எச்.ஓ.டி. சார் குறுக்கே கை நீட்டி, "நல்ல நேரத்துல குறுக்க பேசாதீங்க மேடம்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குள் பொட்டு விழுந்துவிட்டது. சந்தனத்தை வைத்து ஒரு அழுத்து. அதன் மேல் குங்குமத்தை வைத்து இன்னொரு அழுத்து. கற்பூரம் காட்டினோம். அந்தக் காட்சியைப் படமெடுத்து எச்.ஓ.டி. சார் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். படத்தின் ஓரத்தில் மேடம் நிற்பார். பக்திப் பரவசத்தில் கண்கலங்கி நிற்கிறார் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பூஜை போட்ட பொருளை விஜயதசமி வரை தொடக்கூடாது. விடுமுறை முடிந்து லேபைத் திறந்தபோது சந்தனம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி ஜீயபுரத்துக்காரி, வாழைத் தோட்டக்காரர் மகள், எதையும் சுத்தமாக வைக்காவிட்டால் தூக்கம் வராதவள். அவள் துப்பட்டா நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு துடைக்கப் போனாள். மேடம் போட்ட சத்தத்தில் கீழ் மாடியிலிருந்து பி.காம். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். துடைத்தால் நடுவில் இருக்கிற சந்தனம் எல்லாக் கோட்டுக்குள்ளும் இழுபட்டு, மிச்சம் இருப்பதும் போய்விடும் என்றார். ரப்பர் பல்பால் காற்றை ஊதிப் பொருக்கை மட்டும் உதிர்த்தார். மஞ்சளும் சிவப்புமாகக் கறை அப்படியே நின்றது. கிரேட்டிங்கில் சரிபாதி போய்விட்டது.

புதிது வாங்க எச்.ஓ.டி. சாரிடம் கேட்டார் மேடம். வாங்கக் காரணம் எழுத வேண்டுமே என்று அவர் கவலைப்பட்டார். செக்ரட்டரியின் திருக்கரம் பட்டதால் என்று எழுத முடியாது. தேய்மானம் என்று எழுதலாம்தான், ஆனால் கண்ணாடி எப்படித் தேயும் என்று இரும்புக் கடைக்காரர் கேட்பார். கடைசியில், மூடப்போகிற டிபார்ட்மென்டுக்குச் சாமான் கேட்டால் இருப்பதையும் இப்போதே மூடிவிடுவார்கள் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவைத்தார். நேரடியாகச் செக்ரட்டரியிடமே உண்மையைச் சொன்னால் என்ன என்று நான் மேடத்தைக் கேட்டேன். "சொல்லலாம். வருஷா வருஷம் கையெழுத்துப் போடறது அவரு" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆக, அந்தப் பொட்டோடேயே நாங்கள் பழகினோம். பழகப் பழக ஒரு ஆச்சரியம் தெரிந்தது. கோணங்கள் எல்லாம் சரியாகவே வந்தன. போன வருடம் சீனியர்கள் எடுத்த அளவுக்கும் எங்கள் அளவுக்கும் வித்தியாசமே இல்லை. நான் பெருமாள் காப்பாற்றிவிட்டார் என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில், காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை என்னை விடமாட்டார் என்று தெரிந்தது. அன்று பஸ் பாலத்தின் மேல் நின்றபோது யோசித்தேன். நிறம் எந்தக் கோணத்தில் போகும் என்பதை முடிவு செய்வது ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான். மறைந்த பாதியை மறந்துவிட்டாலும் மிச்சப் பாதியில் அந்தத் தூரம் அப்படியேதான் இருக்கிறது. மறுநாள் சொன்னேன். "அப்ப எதுவுமே கொறையலயா?" என்று கேட்டார். வெளிச்சம் குறையும் என்றேன். மேடம் தலையை ஆட்டிவிட்டுப் பீரோவைப் பூட்டினார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

வெளிச்சம் குறைந்ததுதான் பிரச்சினை. டெலஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டே போனால் ஊதா, பச்சை, மஞ்சள் என்று கோடுகள் ஒருமுறை பளிச்சென்று வரும். இன்னும் தள்ளிப் போனால் அதே நிறங்கள் இரண்டாம் முறையாக மங்கலாக வரும். அந்த இரண்டாம் ஊதா நல்ல கிரேட்டிங்கிலேயே கண்ணாமூச்சி ஆடும். பாதிக் கிரேட்டிங்கில் தெரியவே இல்லை. லேப் ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. கேட்டால் காற்றோட்டம் என்பார்கள். மேடம்தான் வழி கண்டுபிடித்தார். தன் கறுப்புக் குடையை விரித்து ஸ்பெக்ட்ரோமீட்டரின் மேல் கவிழ்த்துப் பிடிப்பார். நாங்கள் அதற்குள் தலையை நுழைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே குடைத்துணியின் மழை வாசம் அடிக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. "அவசரப்படாத. இருக்கு. கண்ணு பழகட்டும்" என்று வெளியிலிருந்து மேடத்தின் குரல் வரும். நின்றுகொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில், இருட்டின் ஓரத்தில் நூலிழைபோல ஊதா வரும். முதன்முறை அதைப் பார்த்தபோது நான் மூச்சுவிடக்கூடப் பயந்தேன். இருக்கு மேடம் என்று மட்டும் சொன்னேன். "அதான் சொன்னேனே" என்றார்.

மார்ச் வந்தது. எக்ஸ்டர்னலும் வந்தார். உயரமானவர், சிரிப்பைப் பரீட்சை முடிந்த பிறகு தரலாம் என்று எடுத்து வைத்திருப்பவர். எங்கள் பக்கத்தில் பிராக்டிகல் பரீட்சையில் முதலில் சோதிக்கப்படுவது எக்ஸ்டர்னலின் வயிறுதான். காலையில் பொங்கல் வடை, பதினொரு மணிக்குக் காபி, மத்தியானம் தலைவாழைச் சாப்பாடு என்று எச்.ஓ.டி. சார் தன் முழுத் திறமையையும் அதில் காட்டினார். யாருக்கு எந்தச் சோதனை என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். எவர்சில்வர் டம்ளரில் சுருட்டிப் போட்ட சீட்டுகள். கிரேட்டிங் சீட்டை டம்ளரிலேயே போடாமல் விட்டுவிடலாம் என்று எச்.ஓ.டி. சார் யோசனை சொல்லியிருந்தார். எக்ஸ்டர்னல் சீட்டுகளைத் தன் கையாலேயே எழுதிப் போட்டுவிட்டார். ஜீயபுரத்துக்காரி கண்ணை மூடிக்கொண்டு ஊசலை எடுத்தாள். நானும் கண்ணை மூடினேன். எனக்குக் கிரேட்டிங் வந்தது. வராமல் என்ன செய்யும்.

மேடத்தின் குடை என் மேசைக்குக் கீழே தயாராக இருந்தது. தண்ணீர்த் தொட்டியைத் தலைகீழாகப் பார்த்தேன், விளக்கைப் போட்டேன், குடையை விரித்துக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே புகுந்தேன். முதல் சுற்று நிறங்கள் வந்தன. இரண்டாம் சுற்றில் பச்சை வந்தது. கொஞ்சம் பின்னால் திருப்பி, தாண்டி வந்த ஊதாவுக்காகக் காத்திருந்தேன். வெளியே யாரோ நடக்கிற சத்தமும் எச்.ஓ.டி. சார் இன்னொரு காபி கேட்கிற குரலும் கேட்டன. கண் பழகியது. ஊதா வந்தது. குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோது எக்ஸ்டர்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குடையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து கிரேட்டிங்கைப் பார்த்தார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இது என்ன என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் எச்.ஓ.டி. சார் ஓடிவந்து, பூஞ்சை என்றார். ஆற்றங்கரை ஊர், ஈரம் ஜாஸ்தி, எவ்வளவு ஜாக்கிரதையாக வைத்தாலும் பிடித்துவிடுகிறது என்று விளக்கமும் கொடுத்தார். எக்ஸ்டர்னல் அதை நம்பவில்லை. குங்குமம் வைத்துக்கொள்கிற பூஞ்சையை அவர் பார்த்ததில்லை போலும். அந்த நேரம் பார்த்து, பொன்னாடையைக் கையில் மடித்துப் பிடித்தபடி செக்ரட்டரி உள்ளே வந்தார். மேடம் சுவரோரமாக நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் செக்ரட்டரிக்கு அவமானம், அது மேடத்தின் தலையில் விடியும். பூஞ்சை என்றால் லேபைப் பராமரிக்கவில்லை என்று ஆகும், அதுவும் மேடத்தின் தலையில்தான் விடியும்.

எக்ஸ்டர்னல் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். அது எப்படி வந்தது என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "இது இருக்கறதால உன் அளவு தப்பா வருமா, வராதா?" என்று மட்டும் கேட்டார்.

"வராது சார்" என்றேன். "கோணத்த முடிவு பண்றது கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்கற தூரம். பாதி மறைஞ்சாலும் மீதிப் பாதியில அந்தத் தூரம் மாறல. அதனால விடை மாறாது. ஆனா வெளிச்சம் கொறையும். மங்கலான கோடெல்லாம் சுலபமாத் தெரியாது. காத்திருந்துதான் பாக்கணும்."

அவர் குடைக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவே இல்லை. உயரமான ஒரு மனிதர் இடுப்பு வரை மேடத்தின் குடைக்குள் போயிருப்பதைச் செக்ரட்டரி பொன்னாடையோடு பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்த எக்ஸ்டர்னல், இரண்டாம் ஊதாவைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பெரிய கல்லூரிகளில்கூடப் பிள்ளைகள் இதைப் பார்க்காமலேயே எழுதிவிடுகிறார்கள், இங்கே நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்றார். மேடம் சுவரை விட்டு நகர்ந்து வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. மூன்று வருடத்தில் நான் அதைப் பார்த்தது அன்றுதான்.

செக்ரட்டரியால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. அது தான் வைத்த பொட்டு என்று தானே சொன்னார். எச்.ஓ.டி. சாரின் பூஞ்சை அந்த இடத்திலேயே செத்தது. புதுக் கிரேட்டிங் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று எக்ஸ்டர்னல் பணிவாகத்தான் சொன்னார். அதான் நன்றாக வேலை செய்கிறதே, அந்தப் பெண்ணே சொல்கிறதே என்று செக்ரட்டரி பொன்னாடையைப் போர்த்தினார்.

டிபார்ட்மென்ட் பிழைத்தது என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஜீயபுரத்துக்காரி வீட்டிலிருந்து ஒரு தார் பூவன் பழம் வந்தது. நாங்கள் லேப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோணமும் புரியவில்லை, ஊதாவும் புரியவில்லை. ஆனால் வெளியூர் வாத்தியார் தன் மகளைப் பாராட்டினார் என்பதை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். என்னால் ஒரு டிபார்ட்மென்டே நின்றது என்று நானும் கொஞ்ச நாள் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

பிரிவு உபசார விழாவில் செக்ரட்டரி மைக்கைப் பிடித்தார். பெருமாளில் ஆரம்பித்து, இரும்புக் கடைக்கு வந்து, கடைசியில் எங்கள் லேபுக்கு வந்துசேர்ந்தார். பொட்டு வைத்த கதையை முழுதாகச் சொன்னார். "பாதி மறைஞ்சாலும் விடை மாறாதுன்னு இந்தக் கொழந்த சொல்லிச்சு. அன்னியிலேர்ந்து அதையேதான் யோசிச்சிண்டிருக்கேன்" என்றார். டிபார்ட்மென்டை மூடப்போவதில்லை என்றார். கைதட்டல். பாதிக் கண்ணாடியே முழு வேலை செய்கிறபோது இத்தனை சின்ன டிபார்ட்மென்டுக்கு இரண்டு ஆசிரியர்கள் எதற்கு என்றார். அடுத்த வருடம் முதல் எச்.ஓ.டி. சாரே எல்லாப் பாடத்தையும் பார்த்துக்கொள்வார் என்றார். எச்.ஓ.டி. சார்தான் முதலில் கைதட்டினார். செக்ரட்டரி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். இந்த யோசனையைத் தனக்குக் கொடுத்த பெண் இதுதான் என்று சபைக்குக் காட்டினார். நான் எழுந்து நின்றேன். கூட்டம் எனக்காகக் கைதட்டியது. ஆசிரியர்கள் வரிசையில் மேடமும் கைதட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விழா முடிந்து லேபுக்கு ஓடினேன். மேடம் டிபன் பாக்ஸையும் இரண்டு புத்தகங்களையும் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பீரோச் சாவி மேசை மேல் இருந்தது. நான் அந்தப் பதிலைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் மேடம் என்று அழுதேன்.

"தப்பாச் சொல்லியிருந்தா நானே உன்ன ஃபெயில் பண்ணியிருப்பேன்" என்றார். பையை மூடிவிட்டு நிமிர்ந்தார். "நீ ரெண்டு விஷயம் சொன்ன. விடை மாறாது, வெளிச்சம் கொறையும். அவர் ஒண்ணத்தான் காதுல வாங்கினார்." குடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வருகிறேன் என்றது வழக்கமான பேச்சுதான்.

நான் இப்போது பி.எட். படிக்கிறேன். சொந்தக்காரர்கள் சொன்னது பலித்துவிட்டதில் அவர்களுக்கு மகிழ்ச்சி. மேடம் ஒரு டியூஷன் சென்டரில் நீட் பரீட்சைக்குப் பாடம் எடுக்கிறார். கிரேட்டிங்கைக் கண்ணால் பார்க்காமலேயே சரியான விடைக்கு வட்டம் நிரப்பக் கற்றுத்தருகிறாராம். போன மாதம் கல்லூரி ஜூனியர் பெண் ஒருத்தியைப் பஸ்ஸில் பார்த்தேன். பாலத்தின் மேல் பஸ் நின்றதால் நிறையப் பேச முடிந்தது. டிபார்ட்மென்ட் நன்றாக நடக்கிறது என்றாள். எல்லோரும் பாஸாகிவிடுகிறார்கள், கிரேட்டிங்கின் மேல் வருடா வருடம் புதுப் பொட்டு வைக்கிறார்கள், விடை சரியாகவே வருகிறது என்றாள். இரண்டாம் ஊதாவைப் பார்த்தாயா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருக்கிறதா அக்கா என்று அவள் கேட்டாள்.